இரண்டாவது விண்டோஸ்

கணினியை வயரைப் பிடுங்கி நிறுத்துகிறவர்களைக் கண்டாலே ஓரின் ட்வைட்டுக்கு ஆகாது. அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, ஏரிகளுக்கு நடுவே கிடக்கும் அந்தச் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் கணினிகளைக் கட்டி மேய்க்கிற வேலை அவருக்கு. "மெஷினுக்கும் மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. மெனுவைத் திற, ஷட்டவுன் கொடு, விளக்கு அணையற வரைக்கும் நில்லு. வீடு பத்திக்கிட்டு எரியுதா, என்ன அவசரம்?" என்று அவர் சொல்லாத வகுப்பு கிடையாது. பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் அதே குரலில் சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள். அவர் மனைவி லவான் முகத்துக்கு நேராகவே சொல்லிக்காட்டுவாள்.

லவானும் அதே பள்ளியில்தான் இருந்தாள், உணவுக்கூடத்தில். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் ஊரில் யாரும் இல்லை. தலைமையாசிரியர் தட்டை நீட்டினால்கூட, "போன மாசம் வாங்கின பேண்ட் இந்த மாசம் பத்தலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உருளைக்கிழங்கு வைப்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு குளிர்காலத்தில் நாக்கு குழற ஆரம்பித்தது. ஒயின் அதிகமாகிவிட்டது என்று முதலில் அவளே கேலி செய்துகொண்டாள். டுலூத் நகரத்து டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார்: ஏ.எல்.எஸ். நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிட, தசைகள் ஓய்ந்துகொண்டே போகும். கை போகும், கால் போகும், பேச்சு போகும். கண் மட்டும் பெரும்பாலும் கடைசிவரை அசையும்.

"மத்ததெல்லாம் போகட்டும் டாக்டர். பேச்சு போயிட்டா இந்த மனுஷனை நான் எப்படித் திட்டுறது?" என்றாள் லவான்.

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வழி இருந்தது. கண் போகும் இடத்தைப் பின்தொடரும் ஒரு கேமரா. திரை முழுக்கக் கட்டங்கள். ஒரு கட்டத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கணினி அதிலுள்ள வாக்கியத்தைப் பேசும். குரல் முழுதாகப் போவதற்குள் ஒவ்வொரு கட்டத்திலும் சொந்தக் குரலையே பதிந்து வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினியை மாநிலத்து உதவித் திட்டம் இரவலாகக் கொடுத்தது. கேமரா பக்கத்து மாவட்டத்து வீடு ஒன்றிலிருந்து வந்தது. அதை வைத்திருந்தவர் போய்விட்டார், மனைவி சும்மாவே கொடுத்துவிட்டாள். சிக்கல் என்னவென்றால், அந்தக் கேமரா பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். செய்த கம்பெனி எப்போதோ கடையை மூடிவிட்டது. இரவல் கணினியில் இருந்ததோ புது விண்டோஸ். அதில் கை வைக்கக் கூடாது என்பது நிபந்தனை.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்ல" என்றார் ஓரின். சொன்னபோது அவர் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு கொஞ்சம் ரத்தம் ஓடியது. டாக்டர்கள் செய்ய முடியாததை எல்லாம் பார்த்துப் பார்த்துச் சோர்ந்த மனுஷனுக்கு, தன்னால் செய்ய முடிந்தது ஒன்றாவது வந்து வாய்த்ததே.

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். புதன்கிழமை தோறும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் சூப் விருந்து நடக்கும். நீள மேசைகளின் மேல் ஒரு பெரிய உருளையிலிருந்து வெள்ளைக் காகிதத்தை இழுத்து விரித்து, ஓரங்களை அடியில் டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். சாப்பாடு முடிந்ததும் காகிதத்தை ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து குப்பையில் போட்டால் மேசை பளிச்சென்று இருக்கும். அந்தக் காகிதத்தில்தான் ஊர் ஆண்கள் மீன்பிடிக்கும் இடத்துக்கு வழி வரைவார்கள், கூரை போடக் கணக்குப் போடுவார்கள். ஓரினும் பட்டாணி சூப்புக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வரைந்தார்.

"இதான் ஹார்டு டிஸ்க். இதுக்குள்ள புது விண்டோஸ் குடியிருக்கு. அதை நான் தொடப்போறதில்ல. நான் என்ன பண்ணுவேன், இதுக்குள்ளயே பெருசா ஒரு ஃபைல் செய்வேன். வெறும் ஒரே ஒரு ஃபைல். ஆனா கம்ப்யூட்டர்கிட்ட, 'இது ஃபைல் இல்லப்பா, இன்னொரு ஹார்டு டிஸ்க்'னு சொல்லி நம்பவச்சிடுவேன். பழைய விண்டோஸை அதுக்குள்ள போட்டுடலாம். ஆன் பண்ணா ரெண்டு பேரு வரும். எதைத் தொடுறியோ அதுல கிளம்பும்."

"மெஷினைத் திருப்பிக் கேக்கும்போது?" என்றாள் லவான். அப்போதே அவள் பேச்சு குழைந்துதான் வந்தது, ஓரினுக்குப் பழகிவிட்டது.

"அந்த ஒரு ஃபைலை அழிச்சாப் போதும். வந்த மாதிரியே போயிடும்."

"ஒரே ஃபைல்லயா எல்லாம்?"

"ஒரே ஃபைல்ல."

"அப்போ நானும் அதுக்குள்ளதான் குடித்தனம்னு சொல்லு."

எதிரே உட்கார்ந்திருந்தவர் பள்ளிக் கணினிகளும் இப்படித்தானா என்று கேட்டுவைத்தார். கேட்டிருக்க வேண்டாம். ஓரினுக்கு வாய் நிறைய உற்சாகம். "இப்படித்தான், ஆனா அதுல இன்னொரு வேலை இருக்கு. அடியில ஒரு ஃபைல், அதை யாரும் மாத்த முடியாது. இந்த மேசை மாதிரி. அதுக்கு மேல மெல்லிசா இன்னொரு ஃபைல், இந்தப் பேப்பர் மாதிரி. பசங்க எதை வேணா எழுதட்டும், எந்தக் கண்றாவியை வேணா இறக்கட்டும், எல்லாம் பேப்பர் மேலதான் விழும். முறையா அணைச்சா, அணையும்போதே புதுப் பேப்பர் ஒண்ணு தயாராகிடும். அடுத்த தடவை கிளம்பினதும் பழசு குப்பைக்குப் போயிடும். மேசை எப்பவும் சுத்தம்."

"அதான் பசங்க வயரைப் பிடுங்கினா இவருக்குக் கோவம் வருது" என்று லவான் எதிரே இருந்தவரிடம் சொன்னாள். "பேப்பர் மாறாது பாரு."

சர்ச் சமையலறையை ஆளும் ஆர்டிஸ் அதற்குள் மேசையின் மறுமுனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்துவிட்டாள். "பாடம் முடிஞ்சதா வாத்தியாரே? கிண்ணத்தைத் தூக்கு." ஓரின் வரைந்த பெட்டியும் மற்றவர்கள் சிந்திய சூப்பும் ஒரே சுருளாகிக் கறுப்புப் பைக்குள் போயின.

அடுத்த சனிக்கிழமை சமையலறை மேசையில் வேலை நடந்தது. லவான் சக்கர நாற்காலியில் பக்கத்தில் இருந்தாள். ஓரின் பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி, நிறுவும் திரை வந்ததும் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, நாலு வரி கட்டளை அடித்தார்: ஃபைலை உண்டாக்கு, அதைத் தேர்ந்தெடு, டிஸ்க்காக மாட்டு. மாட்டிக்கொண்டது. பட்டியலில் புதிதாக ஒரு டிஸ்க் தலைகாட்டியது. அதைத் தொட்டதும் 'இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாது' என்று ஒரு எச்சரிக்கை எழுந்தது.

"முடியாதுங்குதே" என்றாள் லவான்.

"அது அப்படித்தான் சொல்லும். கண்டுக்கக் கூடாது." அவர் 'அடுத்து' பொத்தானை அழுத்தினார். கணினி மறு பேச்சில்லாமல் நிறுவ ஆரம்பித்தது.

"நீ கல்யாணத்துக்குக் கேட்டப்போ நானும் முடியாதுன்னுதான் சொன்னேன்" என்றாள் லவான். "நீ கண்டுக்கிட்டியா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. புரையேறுவது அப்போது சாதாரண விஷயம் இல்லை. ஓரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அவளை முன்னால் சாய்த்துப் பிடித்து, முதுகைத் தட்டி, சளி உறிஞ்சும் கருவியைத் தேடி, ஒருவழியாக மூச்சு திரும்பியபோது அவர் சட்டை முழுக்க வேர்வை. அப்புறம் வந்து உட்கார்ந்து, மீதி வேலையை முடித்தார். கேமராவுக்கான மென்பொருளை ஏற்றினார். கட்டங்கள் வந்தன. கடைசியாக ஒரு வேலைதான் பாக்கி: தொடக்கப் பட்டியலில் பெயரைச் சேர்ப்பது, அப்டேட்டுகளை நிறுத்துவது போன்ற சில்லறைகள். அதற்கெல்லாம் அவரிடம் ஒரு சின்ன நிரல் இருந்தது. பல வருஷம் முன் பள்ளிக்காக அவரே எழுதியது, சாவிக்கொத்து பென் டிரைவில் எப்போதும் கூடவே இருப்பது. ஒருமுறை தட்டினால் எல்லாம் முடிந்துவிடும். தட்டினார். பெயர் கேட்டது. வழக்கமாக 'ஆய்வகம்' என்று அடிக்கிற இடத்தில் 'லவான்' என்று அடித்தார்.

அந்த நிரல் பெயரை மட்டும் சேர்ப்பதில்லை. பள்ளியில் செய்வதையெல்லாம் வரி விடாமல் செய்யும். மேசைமேல் காகிதம் விரிப்பது உட்பட. எழுதியவர் அவர்தான், அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் காது முழுக்க லவானின் மூச்சுச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

அதற்கப்புறம் அந்தக் கணினியை அவர்கள் அணைக்கவே இல்லை. அணைத்துப் போட்டால் கேமராவுக்குக் கண்ணை முதலிலிருந்து பழக்க வேண்டும். அது லவானை வாட்டியது. அதனால் உறங்கும்போது மூடியை மூடுவார், விழித்ததும் திறப்பார். கணினியும் அவளோடு தூங்கி அவளோடு எழுந்தது.

அந்தக் கோடை முழுக்க லவான் தன் குரலைப் பதிந்தாள். நல்ல நாள், கெட்ட நாள் பார்த்து, மூச்சு தாங்குகிற நேரம் பார்த்து, ஒரு வாக்கியத்துக்கு நாலு தடவை முயன்று பதிந்தாள். 'பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா.' 'காபி ஆறிப்போச்சு, நீயே குடி.' 'ஓரின், நீ ஒரு மடையன்.' பாதிரியார் வரும்போது சொல்வதற்கென்றே ஒன்று: 'பிரசங்கம் நல்லா இருந்துச்சு, தூக்கமும் நல்லா இருந்துச்சு.' ஒரு கட்டத்தில் வெறும் சிரிப்பு மட்டும். சிரிப்பு வராத நாள் வரும் என்று தெரிந்து, சிரிப்பு வரும் நாளில் எடுத்துவைத்துக்கொண்டாள். அது வந்த விதமும் ஒரு கதை: ஓரின் மைக்கை நீட்டிக்கொண்டு "சிரி, சிரி" என்று கெஞ்ச, நாய் வந்து அவர் பேண்டைப் பிடித்து இழுக்க, அவள் சிரித்துவிட்டாள்.

அடிவரிசை முழுக்கப் பிரிட்டாவுக்கு. பிரிட்டா அவர்களுடைய ஒரே மகள். சுப்பீரியர் ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப்போகும் கப்பலில் இன்ஜின் அறை வேலை. பனி உறைந்து கப்பல்கள் நிற்கும் ஜனவரிவரை அவளுக்கு வீடு கிடையாது. அந்த வரிசையைப் பதியும்போது லவான் கணவனைப் பக்கத்தில் விடவில்லை.

"கராஜுக்குப் போ" என்பாள்.

"கராஜுல எனக்கு என்ன வேலை?"

"ஏதாவது உடைஞ்சிருக்கும். இல்லேன்னா ஒண்ணை உடைச்சு வை."

அவர் போவார். கதவை நன்றாகச் சாத்திக்கொண்டு, புழுக்கத்தில் நின்று, ஸ்பேனர்களை அளவு பார்த்து அடுக்குவார். அவளாகக் கூப்பிடும்வரை உள்ளே வந்ததில்லை.

குரல் போனபின், போனில் கணினியைப் பேசவிட்டு மகளோடு பேசுவாள். "அந்தக் கடைசி வரிசை உனக்கு. இப்ப கேக்காதே. வீட்டுக்கு வந்து, என் பக்கத்துல உக்காந்து கேளு. நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி" என்று ஒரு தடவை எழுத்தெழுத்தாகக் கண்ணாலேயே கோத்துச் சொன்னாள். சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. கப்பலில் பிரிட்டா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஓரினுக்கு இது எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் அந்தப் பெரிய ஃபைலை வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுப்பார். "வீடே எரிஞ்சாலும் நீ இருக்கே" என்று லவானிடம் பெருமையடிப்பார். அந்த ஃபைலின் அளவு ஒரு வாரமும் கூடவில்லை, குறையவில்லை. முதலிலேயே முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும் வகை என்பதால் அது அவருக்கு உறுத்தவும் இல்லை. மேசையைத்தான் வாராவாரம் நகலெடுத்தார் மனுஷன். எழுத்தெல்லாம் காகிதத்தில் இருந்தது.

இரண்டாம் வருஷம் நவம்பரில் பனிப்புயல் வந்து ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தது. கணினியில் பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. ஓரின் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே ஓடி, பிக்கப் வண்டியைக் கிளப்பி, அதில் சொருகிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். திரும்பி வந்து திரையை அவள் முன்னால் வைத்ததும் லவான் கண்ணால் எழுத்துகளைக் கோத்தாள்.

"என்னை விட்டுட்டு அதைத் தூக்கிட்டு ஓடுறே."

"அதுக்குள்ளதானே நீ இருக்கே" என்றார் அவர், மூச்சு வாங்க.

கணினி லவானின் சிரிப்பைச் சிரித்தது. நாற்காலியில் அவள் முகம் அசையாமல் இருந்தது, கண் மட்டும் பளபளத்தது.

அன்றைக்கு அந்தப் பேட்டரி செத்துத் தொலைந்திருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. மறுபடி கிளப்பியதும் எல்லாம் போட்டது போட்டபடி இருந்திருக்கும். திடீரென்று சாகிற கணினிக்குக் காகிதத்தை மாற்ற நேரம் ஏது?

டிசம்பரில், ஒரு காலை வேளையில், லவான் போய்விட்டாள். கஷ்டப்படவில்லை என்று நர்ஸ் சொன்னாள். ஓரின் அதை நம்ப விரும்பினார். வண்டி வந்து அவளை எடுத்துப்போனபின் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கணினி மட்டும் விழித்திருந்தது. படுக்கைப் பக்கம் திரும்பி நின்ற திரையில் கட்டங்கள் எல்லாம் வரிசையாகக் காத்திருந்தன. கேமரா அவள் கண்ணைத் தேடிக்கொண்டே இருந்தது. கிடைக்காமல், 'கண் தெரியவில்லை' என்று மூலையில் சின்னதாக எழுதிக் காட்டியது.

அதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. பாவம், நீயும் ஓய்ந்து போ என்று தோன்றியது. வயரைப் பிடுங்கி, பேட்டரி தீர்ந்து சாகட்டும் என்று விட மனம் வருமா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெனுவைத் திறந்தார். ஷட்டவுன் கொடுத்தார். வட்டம் சுற்றியது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் சுற்றியது. இத்தனை நாள் ஓயாமல் உழைத்த களைப்பு என்று நினைத்துக்கொண்டார். விளக்கு அணையும்வரை எழவில்லை. அணைந்ததும் திரையைத் தன் கைக்குட்டையால் துடைத்து, மூடியை மெல்ல மூடினார்.

மூன்று நாள் அது அப்படியே மூடிக் கிடந்தது. அந்த மூன்று நாளும் லவானின் குரல் அந்த டிஸ்க்குக்குள் ஒரு கீறல்கூடப் படாமல்தான் இருந்தது. அடுத்த தடவை கிளம்பும்போது குப்பைக்குப் போகலாம் என்று காத்துக்கொண்டிருந்தது.

பிரிட்டாவின் கப்பல் டூ ஹார்பர்ஸ் துறைக்கு வந்து சேர்ந்ததும் அவள் இறங்கி நேரே வீட்டுக்கு வந்தாள். உடம்பில் எண்ணெய் வாடை போகவில்லை. அப்பாவைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"போடுப்பா" என்றாள். "சவ அடக்கத்துக்கு முன்னாடி கேட்டுடணும். இல்லேன்னா என்னால அங்க நிக்க முடியாது."

"நான் கராஜுக்குப் போறேன்" என்றார் ஓரின்.

"வேண்டாம். இரு. அம்மா திட்டினா நான் பாத்துக்கறேன்."

அவர் மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினார். இரண்டு பெயர்கள் வந்தன. 'லவான்' என்பதைத் தொட்டார். கணினி கிளம்பியது. கட்டங்கள் வந்தன. சாம்பல் நிறத்தில், காலியாக. மேல் வரிசையில் மட்டும் கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த மூன்று: 'ஹலோ', 'நன்றி', 'உதவி வேண்டும்'. நிறுவிய சனிக்கிழமை எப்படி இருந்ததோ அப்படி.

ஓரினுக்கு உடனே புரிந்துவிட்டது. கொஞ்சம் புரியாமல் இருந்திருக்கக் கூடாதா, ஒரு நிமிஷமாவது. கட்டளைகளின் ஒவ்வொரு வரியும் கண்ணுக்கு முன்னால் ஓடியது: புது ஃபைலை விரி, பெயரை மாற்று, பழையதை அழி. அவர் கையெழுத்து அது.

"அடிவரிசை எங்கப்பா?" என்றாள் பிரிட்டா. தானே விரலை நீட்டி 'ஹலோ'வைத் தொட்டாள். யாரோ ஒரு அந்நியப் பெண் கொஞ்சும் குரலில் "ஹலோ!" என்றாள்.

"அம்மா எங்க?"

ஓரின் எழுந்து வெளி டிஸ்க்கைக் கொண்டுவந்தார். சொருகினார். போன ஞாயிற்றின் நகலைத் திறந்தார். காலிக் கட்டங்கள். அதற்கு முந்தைய ஞாயிறு. காலிக் கட்டங்கள். அப்படியே ஒவ்வொரு ஞாயிறாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். எல்லா ஞாயிறும் ஒன்றே. அழித்ததை மீட்கும் கருவிகளையும் ஓட்டிப் பார்த்தார், நம்பிக்கையால் அல்ல. அந்த வகை டிஸ்க் அழித்த இடத்தை உடனுக்குடன் கழுவி வைத்துக்கொள்ளும் என்று அவருக்கே தெரியும்.

பிறகு மகளிடம் சொன்னார். மேசை, காகிதம், நிரல், எல்லாம். எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது.

"அப்போ நீ அணைச்சதாலதான் போச்சு" என்றாள் பிரிட்டா.

"முறையா அணைச்சதால."

"வயரைப் பிடுங்கியிருந்தா?"

"அப்படியே இருந்திருக்கும்."

பிரிட்டா சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "ஒரு தடவை, அப்பா. உன் வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை வயரைப் பிடுங்கியிருக்கக் கூடாதா?"

அவர் வெளி டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அம்மா என்ன பதிஞ்சான்னாவது தெரியுமா? ஒரு வார்த்தை? காதுல விழுந்திருக்கும்ல?"

"கராஜுக்குப் போகச் சொல்லிடுவா."

"நீயும் போயிடுவே."

"போயிடுவேன்."

"கதவுகிட்ட நின்னு கேட்டிருக்க மாட்டே?"

"மாட்டேன், பிரிட்டா."

"மாட்டே. நீ நல்ல மனுஷனாச்சே" என்றாள் அவள். எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காபி குடித்தாள், சாப்பிட்டாள், பூக்காரனுக்குப் போன் செய்தாள், பாதிரியாரோடு பேசினாள். அப்பாவோடு மட்டும் பேசவில்லை. இல்லாத சமாதானத்தை எதற்குச் சொல்வது என்று ஓரினும் வாயைத் திறக்கவில்லை. லவான் இருந்திருந்தால் இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தில் திட்டி முடித்திருப்பாள்.

அடக்கம் நடந்தது. ஓரின் அழவில்லை. கல்லறையில் மண் கட்டிபட்டு உறைந்திருந்தது. யாரோ தோளைத் தட்டினார்கள், யாரோ கையைக் குலுக்கினார்கள். அப்புறம் எல்லோரும் சர்ச்சின் கீழ்த்தளத்துக்கு வந்தார்கள். ஹாம் வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், தண்ணீர்க் காபி. ஊரே லவானின் வாய்ச்சவடாலைப் பேசிச் சிரித்தது. "தலைமையாசிரியர் பேண்ட்டு ஞாபகம் இருக்கா?" என்று ஒருவர் ஆரம்பிக்க, அந்தத் தலைமையாசிரியரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆளாளுக்கு அவள் சொன்னதைச் சொன்னார்கள். யாருடைய குரலிலும் அது அவள் சொன்னது போல இல்லை.

கூட்டம் கலைந்தது. ஆர்டிஸ் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு, கறுப்புப் பையோடு கடைசி மேசையிலிருந்து சுருட்ட ஆரம்பித்தாள். ஓரின் லவானோடு எப்போதும் உட்காரும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். எதிரே காகிதத்தில் காபிக் கோப்பைகளின் வட்டங்கள். யாரோ ஏரியில் பனி கெட்டியான இடத்துக்கு வழி வரைந்திருந்தார்கள். ஒரு இடத்தில் கெட்சப் சிந்தியிருந்தது.

"கையை எடு ஓரின், சுருட்டிக்கறேன்" என்றாள் ஆர்டிஸ்.

அவர் கையை எடுக்கவில்லை.

"ஓரின்?"

"சுருட்டாதே."

"என்னது?"

"இதைச் சுருட்டாதே, ஆர்டிஸ்!" வகுப்பறையில் பிள்ளைகளை அதட்டும் குரல் அது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அழுக்குப் பேப்பர்ப்பா" என்றாள் ஆர்டிஸ் மெதுவாக. "நாளைக்கு ஞாயிறு. எடுத்துட்டுப் புதுசு போடணுமில்ல?"

"புதுசு போடாதே" என்றார் ஓரின். "தயவு பண்ணி யாரும் புதுசு போடாதீங்க." சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் காகிதத்தை அழுத்திப் பிடித்து, அதன்மேலேயே முகத்தைப் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தார். வீட்டில் அழாதவர், கல்லறையில் அழாதவர், கெட்சப் கறையின் மேல் கன்னத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த பிரிட்டா தன் கோப்பையைக் கீழே வைத்தாள். வந்து மேசையின் மறுமுனையில் குனிந்தாள். அடியில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் நெம்பினாள்.

"விட்டுடுங்க ஆர்டிஸ், நாங்க பாத்துக்கறோம்" என்றாள். பிறகு, "அப்பா. உன் பக்கத்து டேப்பை எடு. பாத்து, கிழிச்சிடாதே."

இருவரும் காகிதத்தை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கினார்கள். சுருட்டவில்லை, போர்வையை மடிப்பதுபோல நடந்து வந்து முனைகளைச் சேர்த்து மடித்தார்கள், மறுபடி மடித்தார்கள். ஆர்டிஸ் விரித்துப் பிடித்திருந்த கறுப்புப் பையை மூடிக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள்.

பிக்கப்பில் பிரிட்டா ஓட்டுகிற பக்கம் ஏறினாள். காகித மடிப்பு ஓரினின் மடியில் இருந்தது. கண்ணாடியில் பனி உருகும்வரை கிளம்ப முடியாது. ஹீட்டர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா இதைப் பாத்தா என்ன சொல்லியிருப்பா?" என்றாள் பிரிட்டா.

ஓரினுக்கு அது தெரியும். யோசிக்கவே வேண்டாம். "'மடையா, குப்பையை எதுக்கு வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றே'ன்னு கேப்பா."

"அவ சொல்ற மாதிரி சொல்லு."

ஓரின் தொண்டையைச் செருமிக்கொண்டார். சொல்லிப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். வார்த்தை வந்தது, குரல் வரவில்லை. பிரிட்டா தலையை ஆட்டிவிட்டு, கண்ணாடி தெளிந்ததும் வண்டியை எடுத்தாள்.